நீலம் முடிவாகாத சாயங்காலம்

எது நீலம் என்று இரண்டு மருமகள்களுக்குள் முடிவாகாததால், அந்த ஊரில் ஏறக்குறைய இரண்டு வருடம் சூரியன் மறையவில்லை. வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. நகராட்சி அறிக்கையில் ‘தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்கள்’ என்று இருந்தது. குழாயில் தண்ணீர் வராததற்கும் அவர்கள் அதையேதான் சொல்லியிருந்தார்கள் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. கடைத்தெருவில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். சூரியனை நிறுத்திவைத்தது அக்கா.

அவள் தம்பிகளுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அக்கா. அவளுடைய மேலதிகாரி கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார். அப்பா ஒருவர்தான் ஐம்பது வயதுப் பெண்ணைப் ‘பாப்பா’ என்பார். தொலைபேசி நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இளவயதிலேயே சேர்ந்தவள் அவள். லைன் வேலை செய்யவில்லை என்று கொதித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களைப் பதமாகப் பேசிக் காத்திருக்க வைப்பது அவள் வேலை. லைனைச் சரிசெய்வது அவள் வேலை அல்ல; விசாரித்த வரையில் அது யாருடைய வேலையும் அல்ல. “தயவுசெஞ்சு லைன்லயே இருங்க” என்று அவள் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். சண்டைக்கு வந்தவர் சாந்தமாகி, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சமைத்தார், சாப்பிட்டார், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒரு தபால் ஊழியர் காத்திருந்தபடியே பணி ஓய்வு பெற்றார். யாரும் போனை வைத்ததில்லை. அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட வங்கிக் கணக்கர் ஒருவரிடமும், தம்பிகள் ஒரு நிலைக்கு வரட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தாள். அவரும் பொறுத்துக்கொண்டு, வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, மூன்று பிள்ளைகளைப் பெற்று, இன்னமும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்.

தம்பிகள் நிலைக்கு வந்துவிட்டார்கள், வந்த நிலைதான் சரியில்லை. அப்பாவின் வீட்டுச் சாமான் கடையை நடுவில் பிளைவுட் பலகை வைத்துப் பிரித்து, ஒரு பாதியில் பெரியவன் பல்பும் விளக்கும் விற்றான், மறுபாதியில் சின்னவன் ஜன்னல் திரைகள் விற்றான். வெளிச்சம் வேண்டுமானால் இடது வாசல், வேண்டாமென்றால் வலது வாசல். பலகை அத்தோடு நிற்காமல் மாடிப்படி ஏறி வீட்டுக்குள்ளும் போனது. அப்பாவின் அறையையும் இரண்டாக்கியிருக்கும். அவர் கட்டிலை விட்டு எழ மறுத்ததால் தச்சர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார். சண்டை எதில் ஆரம்பித்தது என்று அண்ணன் தம்பி இருவருக்குமே நினைவில்லை. நினைவிருந்திருந்தால் சமாதானம் ஆகித் தொலைத்திருப்பார்கள். எட்டு வருடமாக இருவரும் பேசிக்கொள்ளாமல், பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருமித்தான் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு இருந்தது ஒரே ஒரு குடும்பப் படம். அம்மா உயிரோடு இருந்தபோது ஸ்டுடியோவில் எடுத்தது. சின்னவன் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் தன்னை விட்டுவிட்டு எடுத்துவிட்டார்கள் என்ற மனக்குறை அவனுக்கு நாற்பது வயது வரை தீரவில்லை. பலகை வைத்த அன்று தச்சரிடம் கூட அதைச் சொல்லிக்காட்டினான். எனவே புதிதாக ஒரு படம் எடுத்துவிடலாம், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தோளாவது இடிக்கும் என்று அக்கா கணக்குப் போட்டாள். பெரியவனிடம் போய், “அவன்தான்டா ஆசைப்படறான்” என்றாள். சின்னவனிடம் போய் அதையே அச்சு பிசகாமல் சொன்னாள். ஒருவன் கெஞ்சுகிறான் என்று மற்றவனும், மற்றவன் கெஞ்சுகிறான் என்று ஒருவனும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார்கள்.

போட்டோக்காரர் நவீனமானவர். நாலு சுவருக்குள் அவர் படம் எடுப்பதில்லை. ஏரிக்கரை மைதானம், பொழுது சாய்வதற்கு முந்தைய அரைமணி நேரம், அந்த வெளிச்சத்தில் கழுதையும் கந்தர்வனாகத் தெரியும் என்றார். எல்லோரும் ஒரே நிறத்தில் வரவேண்டும் என்றும், முந்தின நாள் நன்றாகத் தூங்கவேண்டும் என்றும், சிரிப்பு வீட்டிலேயே பழகிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னார். “நேரத்துக்கு வந்துடுங்க மேடம். அந்த வெளிச்சம் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காது” என்று முடித்தபோது அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் அனுபவத்தில் காத்திருக்காதது என்று ஒன்றை அவள் பார்த்ததில்லை.

நிறம் நீலம் என்று அக்காவே தீர்மானித்தாள். அங்கேதான் தப்பு. நீலம் என்று சொன்னாளே தவிர எந்த நீலம் என்று சொல்லவில்லை. குறித்த நாளில் முதலில் வந்து சேர்ந்தவர் அப்பா. ரயிலைப் பிடிப்பதற்கு முந்தின நாளே ஸ்டேஷனில் போய்ப் படுத்துக்கொள்ளும் ஜாதி அவர். வீட்டிலிருந்து மர நாற்காலியைத் தலையில் தூக்கிவந்து மைதானத்தின் நடுவில் போட்டு, நீலச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு பெரிய மருமகள் வந்தாள், வானத்தை வெட்டித் தைத்தது போல் ஒரு நீலம். அதற்குப் பிறகு சின்ன மருமகள் வந்தாள், மயில்கழுத்து. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். “அண்ணி, நீலம்னுதானே சொன்னீங்க? அவங்க பச்சைல வந்திருக்காங்க” என்றாள் பெரியவள். “பச்சையா? முதல்ல உங்க உடம்புல இருக்கிறது நீலமா, வெளுத்ததான்னு சொல்லச் சொல்லுங்க அண்ணி” என்றாள் சின்னவள். புருஷன்மார் பேசாத குடும்பத்தில் ஓரகத்திகள் நாத்தனார் வழியாகத்தான் சண்டை போட முடியும். இரண்டு பேரும் உடை மாற்றுகிறேன் என்று எதிரெதிர்த் திசையில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வீடு ஒரே திசையில்தான் இருந்தது. தம்பிகள் இருவரும் மனைவியை அழைத்துவருவதாகச் சொல்லிப் பின்னாலேயே போனார்கள்.

சூரியன் ஏரிக்கு மேல் ஒரு முழ உயரத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. போட்டோக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேற்கைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். அக்கா கரையோரம் போய் நின்று, இடது கையை லேசாக உயர்த்தி, இத்தனை வருடமாகப் பழகிய குரலில், “தயவுசெஞ்சு லைன்லயே இருங்க” என்றாள். சூரியன் நின்றது. போட்டோக்காரர் வெளிச்சம் அளக்கும் கருவியை எடுத்து இரண்டுமுறை பார்த்துவிட்டு, “சரி, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்றார்.

முதல் வாரம் ஊர் திணறியது. பிறகு பழகிக்கொண்டது. கடிகாரங்கள் வழக்கம்போல் ஓடின, காலண்டரில் தாள் கிழிந்தது, மழை கூட உரிய மாதத்தில் வந்து பொன்னிறமாகப் பெய்துவிட்டுப் போனது. சூரியன் மட்டும் அசையவில்லை. பக்கத்து ஊரில் எல்லாம் ஒழுங்காக இருட்டி விடிந்தது. இருட்டினால்தான் கண் மூடும் என்று அடம்பிடித்தவர்கள் பஸ் ஏறிப்போய் அங்கே தூங்கிவிட்டு வந்தார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள், பெற்றோர் சொல்லைத் தட்டாமல் மாதக்கணக்கில் விளையாடினார்கள். தொழில் படுத்துப்போன திருடர்களில் ஒருவர் வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். செய்வது அதேதான், ஆனால் உட்கார்ந்து செய்யலாம் என்று சொல்லிக்கொண்டார். நாளிதழில் இந்தச் செய்தி முதல் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்குப் போய், கடைசியில் தக்காளி விலைக்குப் பக்கத்தில் ‘சூரியன்: மாற்றமில்லை’ என்று ஒற்றை வரியாக நின்றது. அந்த வெளிச்சத்தில் எல்லோருமே பத்து வயது குறைந்து தெரிந்ததால் புகார் பெரிதாக எழவில்லை. நகராட்சியிலிருந்து இரண்டு அதிகாரிகள் அக்காவைப் பார்க்க வந்தார்கள். தெருவிளக்கு போடுகிறவர்களைச் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கவேண்டியிருக்கிறது என்றார்கள். முன்பும் அப்படித்தான் என்பதை அவள் சுட்டிக்காட்டவில்லை. “உங்க புகார் பதிவாயிடுச்சு சார்” என்று சொல்லி ஒரு புகார் எண் கொடுத்தாள். அவர்கள் அந்த எண்ணைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்கள்.

நீலத்தகராறு மூன்றாவது மாதமே ஒருவாறு ஓய்ந்தது. இருவரும் வெள்ளையே போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆனால் அதற்குள் சின்னவனின் கடையில் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. இருட்டு வேண்டுமென்றால் தடித்த கறுப்புத் திரை வாங்கித் தொங்கவிடுவதைத் தவிர ஊருக்கு வேறு வழியில்லை. புதிதாக ஆறு தையல் மிஷின் போட்டான். பலகைக்கு இந்தப் பக்கத்தில் பெரியவன் பல்புகளைத் தூசி தட்டி, தட்டிய தூசி மறுபடி படியும்வரை காத்திருந்து, மறுபடி தட்டினான். அதுவரை போட்டோவைப் பற்றி அலட்டிக்கொள்ளாதவன் தினமும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். “அக்கா, நான் ரெடி. அவன வரச்சொல்லு” என்பான். சின்னவன் ஒருபோதும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. குடும்ப ஒற்றுமைக்கு அவனை மாதிரி உருகியவர் கிடையாது. பல் வலி ஒரு மாதம், முடிவெட்டியது கோணலாகிவிட்டது என்று ஒரு மாதம், மீசை வைத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றி இரண்டு மாதம், வைத்தது நன்றாயில்லை என்று எடுத்து, மேலுதட்டின் நிறம் முகத்தோடு சேரட்டும் என்று மேலும் ஒரு மாதம். அதன் பிறகு அவன் மனைவி உண்டானாள். “இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா. குழந்தை பொறக்கட்டும். பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டாங்கன்னு நாளைக்கு அது கேக்கக்கூடாது பாரு” என்றான். பெரியவன் பலகைக்குப் பின்னால் நெடுநேரம் இருமினான்.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்தது. காத்திருக்கச் சொல்கிறவர்களின் குரலை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய், இரண்டு தம்பிகளும் எந்த இடத்தில் நிற்பார்கள் என்று செருப்பால் மண்ணில் கோடு கிழித்துவிட்டு வந்தாள். பகைத்தவர்களை ஒட்டவைக்க அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் தாமதம்தான். போட்டோக்காரர் இதற்கிடையில் கரையிலேயே கூடாரம் அடித்து, அந்தப் பொன் வெளிச்சத்தில் ஊரிலுள்ள அத்தனை குடும்பத்தையும், கறிக்கடைக்காரரின் தராசையும் கூடப் படம் பிடித்துவிட்டார். அவள் குடும்பம் ஒன்றுதான் பாக்கி.

அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் யாராவது இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்றார். சாப்பாடு அங்கேயே போனது, சவரம் அங்கேயே நடந்தது, குளிப்பதற்கு மட்டும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். நடக்க வந்தவர்கள் அவரோடு பேசிக்கொண்டு நின்றதில் அவருக்கு ஊர் வம்பெல்லாம் அத்துப்படியாயிற்று. வெயில் ஒரே பக்கத்திலிருந்து அடித்ததால் இடது கன்னம் கறுத்து வலது கன்னம் வெளுத்தது. யாரேனும் விசாரித்தால், வீட்டில் இரண்டு பயல்களும் மாறி மாறி இருமுவதைக் கேட்பதற்கு இது தேவலை, இங்கே காற்றாவது வருகிறது என்பார்.

சின்னவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை கழுத்து நிற்கட்டும் என்றான். கழுத்து நின்றது. உட்காரட்டும் என்றான். அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா ஏரிக்கரைக்குப் போனபோது, அப்பா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து, வெயிலுக்குப் பிடித்திருந்த குடை மடியில் கவிழ்ந்து, கண்ணைத் திறந்தபடி இருந்தார். ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“தூங்கறேன்னு நெனச்சேன். பாத்தா, முழிச்சிக்கிட்டுதான் இருக்கேன்” என்றார். “ரொம்ப நாளா இப்படித்தான் பாப்பா.”

கழுத்துப் பொத்தான் மாட்டியிருந்தும் சட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் மூன்று விரல் போகிற இடம் விழுந்திருந்தது. தினமும் வந்துபோனவள் அதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“வீட்டுக்குப் போயிடலாம்பா. சின்னவன் கடைத் திரை ஒண்ணு மாட்டித் தர்றேன்.”

“துணிய மாட்டினா இருட்டா? அது மூட்டம். எனக்கு இருட்டணும். ஏரி, கரை, எல்லாமே. அதுல ஒருதடவ நல்லா தூங்கணும்.”

“எல்லாரும் வந்துடட்டும்பா. இன்னும் கொஞ்சந்தான். உங்க பொறுமைக்கு...”

மீதி வாக்கியம் தானாக நாக்கில் வந்து நின்றது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னையும் லைன்ல போடறியா?”

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை, விவரம் கேட்பது போலத்தான் கேட்டார். அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஊரையே காக்கவைத்தபோது உறுத்தாதது அப்போது உறுத்தியது. தம்பிகளை அவள் காக்கவைக்கவில்லை, அவர்கள்தான் அவளைக் காக்கவைத்திருந்தார்கள் என்பதும், அவர்களிடம் காட்டமுடியாத கண்டிப்பைத்தான் சூரியனிடம் காட்டியிருக்கிறாள் என்பதும் புரிந்தது. புரிந்து என்ன செய்வது. அவள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு, இணைப்பை ஊழியர் முதலில் துண்டிக்கக்கூடாது. வைத்துவிடுங்கள் என்று ஒருவரிடமும் அவள் இதுவரை சொன்னதில்லை, சொல்லும் முறை அவளுக்குத் தெரியாது. கரையில் போய் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். “வேற ஏதாவது கேக்கணுமா?” என்றாள். சூரியன் ஒன்றும் கேட்கவில்லை. “அப்போ வெச்சிடுங்க” என்றாள். “இவ்வளவு நேரம் இருந்ததுக்கு நன்றி.”

பிறகு திரும்பி வந்து, மண்ணில் கிழித்த கோடுகளை மிதித்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். “நாங்க ரெண்டு பேர்தான். எடுங்க” என்றாள். போட்டோக்காரர் ஏறக்குறைய இரண்டு வருடமாகத் துடைத்துவைத்திருந்த லென்ஸை மறுபடி ஒருமுறை துடைத்தார்.

சூரியன் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றவர்கள் முதல் அடி வைப்பது போலத் தடுமாறி நகர்ந்தது. ஊரில் எல்லாச் சுவர்களிலும் வெளிச்சம் ஒரே சமயத்தில் மேலே ஏறத் தொடங்கியது. மனிதர்கள் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். சின்னவன் ஒரு வாடிக்கையாளரின் ஜன்னலை அளந்துகொண்டிருந்தவன், விஷயம் விளங்கியதும் நாடாவோடு இறங்கி ஓடினான். தன்னை விட்டுவிட்டு மறுபடியும் எடுக்கப்போகிறார்கள். பெரியவன் சவரம் செய்துகொண்டிருந்தான். அவன் தயாராக இல்லாத ஒரே நேரம் அதுதான். பனியனோடு ஓடினான். பின்னால் பெரிய மருமகள் மாவு பிசைந்த கையோடும், சின்ன மருமகள் குழந்தையோடும் ஓடினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியாமல் சின்னவள் மூச்சு வாங்கி நின்றபோது, பெரியவள் ஒரு வார்த்தையும் பேசாமல் அதைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். ஓடிவந்தவர்களில் யாரும் நீலம் போட்டிருக்கவில்லை.

படம் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. அடுத்ததை எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. அதில் அப்பா நடுவில் இரண்டு நிறக் கன்னங்களோடு நேராகப் பார்க்கிறார். அக்கா அலுவலக அடையாள அட்டையைக் கழற்ற மறந்து நிற்கிறாள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு பெரியவன் இடமிருந்தும், கழுத்தில் அளவு நாடாவோடு சின்னவன் வலமிருந்தும் பாய்ந்து வந்து, நாற்காலிக்குப் பின்னால் மோதி, விழாமலிருக்க ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்திருக்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் என்ன பாசம் என்பார்கள். ஓரத்தில் மருமகள்கள் இருவரும் வாய் பிளந்து நிற்கிறார்கள். குழந்தை மட்டும் கேமராவைப் பார்க்காமல், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சிரித்த ஒரே ஆளாக, மறையும் சூரியனைப் பார்த்துச் சிரிக்கிறது.

இருட்டில் முதலில் கேட்டது பெரியவன் குரல். “கால பாத்து வைக்கத் தெரியாதா உனக்கு?” அதற்கு உடனே பதில் வந்தது. “நீதான் குறுக்க வந்த.” பத்து வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். வீடுவரை அது நிற்கவில்லை. யார் யாரை இடித்தது என்று தொடங்கி, பலகை வைத்த கூலி, தொட்டிலில் கிடந்தபோது கடித்தது வரைக்கும் போய்விட்டது. அக்கா குறுக்கிடவில்லை. எவ்வளவோ அழைப்புகளைக் கேட்ட காது அது. திட்டுகிறவர்கள் இன்னும் லைனில் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். கடைக்கு வந்து பார்த்தால் பல்பு வாங்க ஊரே வரிசையில் நின்றது. கூட்டத்தைத் தனியாகச் சமாளிக்க முடியாமல் பெரியவன் தம்பியை அதட்டி வேலை வாங்கினான். சின்னவன் திட்டிக்கொண்டே பெட்டி பெட்டியாக எடுத்துக்கொடுத்தான்.

அப்பா ஏரிக்கரையிலேயே நாற்காலியில் தூங்கினார். நான்கு நாள் விழிக்கவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் கிழவர்கள் அப்படியே போய்விடுவது வழக்கம் என்பதால் ஊர் மரியாதையாக எட்ட நின்று பார்த்தது. ஐந்தாம் நாள் காலை அவர் எழுந்து சோம்பல் முறித்து, பசிக்கிறது என்றார். நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பலகை இன்னும் இருக்கிறது. படத்தை எந்தப் பக்கம் மாட்டுவது என்று அண்ணன் தம்பி தினமும் பேசுகிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

சூரியன் விஷயம்தான் முழுதாகச் சரியாகவில்லை. இத்தனை நாள் நின்ற இடம் பழகிவிட்டதோ என்னவோ, இன்றைக்கும் ஏரிக்கு மேல் ஒரு முழ உயரத்துக்கு வந்ததும் அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது. யாரும் நிறுத்துவதில்லை, யாரும் போகச்சொல்வதுமில்லை. அந்த நேரத்தில் கொடியில் காயும் துணிகளை எடுத்து மடித்து வைத்துவிடலாம், முகம் கழுவிக்கொள்ளலாம். அந்தத் தெருவில் வீடு காட்டுகிற தரகர், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குப்பைவண்டி எந்தக் கிழமை வரும் என்று சொல்லிக்கொண்டு வரும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். குடிவருகிறவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, சமையலறையில் அலமாரி இருக்கிறதா என்று கேட்பார்கள்.